குறைந்த பணத்தில் உருப்படியான பழைய கார் வாங்குவது எப்படி

கையில் இருக்கும் பணம் குறைவு, ஆனாலும் நடுவழியில் நிற்காத ஒரு வண்டி வேண்டும் என்றால், வண்டி தேட இறங்கும் முன்பே அந்தப் பணத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு, முடிந்தால் நான்கில் ஒரு பங்கு, தனியாக இருக்கட்டும். எவ்வளவு நல்ல வண்டி கண்ணில் பட்டாலும் அதில் கை வைக்கக் கூடாது. பழைய வண்டி எதுவானாலும் வாங்கிய முதல் சில மாதங்களில் டயர், பேட்டரி, பிரேக் பேட் என்று ஏதாவது ஒரு செலவு வைக்கும், இருந்ததையெல்லாம் விலைக்கே கொடுத்துவிட்டு வந்தவர் அப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பெயர் மாற்றும் கட்டணம், காப்பீடு, வரி எல்லாம் மீதிப் பணத்திலிருந்து போக வேண்டியவை. அதையும் கழித்த பிறகு என்ன நிற்கிறதோ அதுதான் உங்கள் பட்ஜெட்.

இந்தத் தொகைக்குள் ஒரு பத்து வருடப் பழைய சொகுசுக் காரும் வரும், ஒரு சாதாரணச் சின்னக் காரும் வரும். தயவுசெய்து சொகுசுக் கார் பக்கம் போகாதீர்கள். அந்தக் காரின் விலைதான் விழுந்திருக்கிறது, அதன் உதிரி பாகங்களின் விலை விழவில்லை. ஏர் சஸ்பென்ஷன் போனால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போனால், வண்டி வாங்கிய பணத்தில் பாதியைக் கேட்கும். பணம் குறைவாக இருக்கும்போது தேட வேண்டியது சின்ன பெட்ரோல் என்ஜின், டர்போ இல்லாதது, கையால் போடும் கியர், ஏராளமாக விற்ற மாடல். ஏராளமாக விற்ற வண்டிக்கு எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும், பெரும்பாலான மெக்கானிக்குகளுக்குக் கை பழகியிருக்கும். டீசல் வண்டி மைலேஜ் கொடுக்கும் என்பது சரிதான், ஆனால் புதிய தலைமுறை டீசல்களில் புகைத்தூளைப் பிடிக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது, வேகமாக நீண்ட தூரம் ஓட்டாமல் ஊருக்குள்ளேயே சுற்றினால் அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவது பெரிய செலவு. தினமும் சின்னச் சின்ன தூரம் போகிறவருக்கு டீசல் வேண்டாம்.

பெயர் பெற்ற மாடல்களுக்குப் பழையதிலும் விலை இறங்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒரே வண்டி வேறு பெயரில் விற்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டொயோட்டா அய்கோ, சிட்ரோயன் சி1, பெஜோ 107 மூன்றும் ஒரே தொழிற்சாலையில் தயாரான ஒரே கார்தான், முகப்பும் முத்திரையும்தான் வேறு. போன்டியாக் வைப் என்பது உள்ளுக்குள் டொயோட்டா மேட்ரிக்ஸ். சுசுகி பலேனோவும் டொயோட்டா கிளான்சாவும் அப்படியே. இந்த மாதிரி ஜோடிகளில் மதிப்புக் குறைவாக எது போகிறதோ அதை எடுத்தால், கிடைப்பது அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ்.

வருடம், கிலோமீட்டர் இரண்டையும் விட நான் பெரிதாக நினைப்பது சர்வீஸ் பில்களை. பத்து வருடம் ஆகி, ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில் வைத்திருக்கும் வண்டி, ஆறு வருடம் ஆகி எந்தக் காகிதமும் இல்லாத வண்டியை விட நல்லது. ரொம்பக் குறைவாக ஓடிய வண்டி என்று சொல்லி விற்பார்கள், அது எப்போதும் நல்ல செய்தி ஆகாது. வருடக்கணக்கில் நின்றே கிடந்த வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்து போயிருக்கும், டயரில் வெடிப்பு விழுந்திருக்கும், டேங்கில் பெட்ரோல் கெட்டிருக்கும்.

விளம்பரங்களைப் படிக்கும்போது ஒரு விஷயம். “ஏசி கேஸ் மட்டும் போட்டால் போதும்”, “சின்ன சென்சார் வேலைதான்” என்று எழுதியிருந்தால், அவ்வளவு சின்ன வேலை என்றால் அவரே செய்துவிட்டு நல்ல விலைக்கு விற்றிருப்பாரே என்று யோசியுங்கள். வண்டியை நனைத்து வைத்து எடுத்த படங்களில் கீறலும் மங்கலும் தெரியாது. முடிந்தவரை சொந்தமாக ஓட்டியவரிடமே வாங்கப் பாருங்கள், தெரிந்த மெக்கானிக்கிடமும் சொல்லி வையுங்கள், அவர் கையில் வருடக்கணக்காகச் சர்வீஸ் ஆன வண்டி விற்பனைக்கு வருகிறது என்றால் அதன் வரலாறு முழுவதும் அவருக்குத் தெரியும்.

போனில் பேசும்போதே பாதி வண்டிகளைக் கழித்துவிடலாம். எத்தனை வருடமாக உங்களிடம் இருக்கிறது, பதிவு உங்கள் பெயரில்தானா, கடன் பாக்கி உண்டா, ஏன் கொடுக்கிறீர்கள், கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள். தடுமாறாமல் பதில் வந்தால் போய்ப் பாருங்கள். போனை வைக்கும் முன் ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சூடான என்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பானெட்டைத் திறந்து, ஆயில் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்து, அளவையும் நிறத்தையும் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தில் காபியில் பால் கலந்தது போன்ற பசை இருந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஆயிலோடு கலக்கிறது என்ற சந்தேகம் வரும். சின்னத் தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தாலும் கொஞ்சம் வரும் என்பதால், கூலண்ட் டப்பாவையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ துருத் தண்ணீர் போல இருந்தாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ரேடியேட்டர் மூடியை என்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்தைய ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கோ என்ஜின் விளக்கோ எரியவே இல்லை என்றால் யாரோ அதை மறைத்து வைத்திருக்கலாம். இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் போய் சைலன்ஸர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. குளிர்ந்த நேரத்தில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து நின்றுவிடுவது இயல்பு, நிற்காமல் அடர்த்தியாக, இனிப்பு வாசனையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே உள்ள சீல்) வேலை. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவதைக் காட்டும், பல நேரம் சரிசெய்யக் கூடியது. முதல் சில நொடிகளில் முன்பக்கம் சங்கிலி உரசுவது போலக் கடகடவென்று சத்தம் வந்தால் என்ஜினுக்குள் வால்வுகளையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் செயின் தேய்ந்திருக்கலாம்.

செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள். இது ரப்பர் பெல்ட், ஓட்டத்துக்கும் ஆயுள் உண்டு, வருடத்துக்கும் உண்டு. பல என்ஜின்களில் ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளில் இடித்து, மொத்த என்ஜினும் காலியாகிவிடும். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

வண்டியின் உடம்பைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், மழையிலும் இரவிலும் பார்க்காதீர்கள். கதவுகளுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஃபெண்டர் போல்ட்களில் ஸ்பேனர் போட்டதில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா, ஜன்னல் ரப்பரில் பெயிண்ட் தெறித்திருக்கிறதா. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித் தகட்டைப் பாருங்கள், பின்னால் பலமாக இடிபட்ட வண்டியில் அங்கே மடிப்பும் புது வெல்டிங்கும் தெரியும். கதவுக்குக் கீழே உள்ள அடிச் சட்டத்திலும் ஜாக்கி வைக்கும் இடங்களிலும் துரு தின்றிருந்தால் அந்த வண்டி வேண்டாம், அதை ஒழுங்காகச் சரிசெய்வது வண்டியின் விலையைத் தாண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து விற்பவர்கள் உண்டு. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும், அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளமும் போல்ட்களும் துருப்பிடித்திருக்கிறதா, கார்ப்பெட்டின் அடியில் மண் இருக்கிறதா, உள்ளே அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம் அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீரில் மூழ்கிய வண்டியின் ஒயரிங் மாதக்கணக்கில் மெதுவாக அரித்துக்கொண்டே இருக்கும், அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மீட்டரைத் திருப்பி வைப்பது டிஜிட்டல் மீட்டரிலும் நடக்கிறது. மீட்டரில் நாற்பதாயிரம் என்று இருந்து, பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் தோல் பளபளத்து, டிரைவர் சீட்டின் ஓரம் நைந்திருந்தால் இரண்டும் பொருந்தவில்லை என்று அர்த்தம். பழைய சர்வீஸ் பில்களில் எழுதிய கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பத்து வருடத்தைத் தாண்டிய டயர் எவ்வளவு பள்ளம் மீதி இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது சஸ்பென்ஷன் வேலை இருக்கிறது.

டாஷ்போர்டுக்கு அடியில் ஓபிடி சாக்கெட் இருக்கும், வண்டியின் கணினி பதிந்து வைத்த பிழைகளைப் படிக்கும் இணைப்பு அது. அமெரிக்காவில் 1996இலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் இது கட்டாயம். அதில் செருகும் ஒரு சின்ன ரீடரை போனோடு இணைத்தால் சேமிக்கப்பட்ட பிழைக் குறியீடுகளைப் படிக்கலாம். பிழை ஒன்றும் இல்லை என்று காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள், அதே ரீடரில் வண்டியின் சுய பரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டினால், நீங்கள் வரும் முன்பு யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். எது என்று கேளுங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள், தெருவைச் சுற்றி வந்தால் போதாது, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு. மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள், என்ஜின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. காலியிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் கட்கட் சத்தம் வருகிறதா, பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறதா, வெப்பமானி நடுவில் ஏறி அங்கேயே நிற்கிறதா. திரும்பி வந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அடியில் என்ன சொட்டுகிறது என்று குனிந்து பாருங்கள்.

இவ்வளவும் தேறினால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் பணம் கொடுத்துக் காட்டுங்கள். இதில் மிச்சம் பிடிக்க நினைக்கவே நினைக்காதீர்கள். லிப்டில் ஏற்றி அடியைப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில். உடம்பில் பொறித்துள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் காகிதத்தில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாகப் பொருந்த வேண்டும். அந்தச் சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் கொடுத்தால் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பல கம்பெனிகள் காட்டும். டகாட்டா என்ற நிறுவனம் தயாரித்த பழுதான ஏர்பேக் விவகாரத்தில் பல கார் கம்பெனிகளின் கோடிக்கணக்கான ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன, பழைய கார்களில் இன்னும் மாற்றாதவை உண்டு. பொதுவாகக் கம்பெனியே இலவசமாக மாற்றித் தரும். ஆகவே இதை விட்டுவிடாதீர்கள்.

எதற்கு விலை குறைக்கக் கேட்கலாம், எதைப் பொறுத்துக்கொள்ளலாம்? குறைந்த பணத்தில் வாங்குகிறவருக்கு என் அழுத்தமான கருத்து, அழகுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பதுதான். மங்கிய பெயிண்ட், கதவில் ஒரு நசுங்கல், கிழிந்த சீட், கீறிய பம்பர், பிடிக்காத நிறம், வேலை செய்யாத ரேடியோ, இவை எதுவும் உங்களை நடுவழியில் நிறுத்தாது, ஆனால் விலையை நன்றாக இறக்கும். மற்றவர்கள் இவற்றைப் பார்த்து ஒதுங்கும் வண்டியில் என்ஜினும் கியர்பாக்ஸும் அடிச்சட்டமும் திடமாக இருந்தால் அதுதான் நீங்கள் தேடிய வண்டி. பேரம் பேசும்போது வண்டியைக் குறை சொல்லி அவரைப் புண்படுத்தத் தேவையில்லை. மெக்கானிக் சொன்ன வேலைகளையும் செலவையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, இது போக நான் இவ்வளவு தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். இன்னொருவர் வந்துகொண்டிருக்கிறார், இன்றே முன்பணம் கொடுங்கள் என்று அவசரப்படுத்தினால் வந்துவிடுங்கள். காகிதங்கள் கைமாறாமல் முழுப் பணமும் கைமாறக் கூடாது.

வண்டி வீட்டுக்கு வந்ததும், முந்தையவர் என்ன சொல்லியிருந்தாலும், ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். டைமிங் பெல்ட்டுக்குப் பில் இல்லையென்றால் அதையும் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள், பல என்ஜின்களில் பம்பைத் தொடவும் அதே பெல்ட்டைத்தான் கழற்ற வேண்டும், சேர்த்துச் செய்தால் கூலி ஒரு தடவைதான்.