பழுதடைந்த எம்ஜிபி ரோட்ஸ்டரை விற்பது எப்படி

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஓடாமல் உங்கள் கொட்டகையில் கிடந்தால், விற்கும் முன் அதைப் பளபளப்பாக்க முனைய வேண்டாம். புதுப் பெயின்ட்டைக் கண்டால், அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் விவரமறிந்தவர் நினைப்பார்.

இந்தக் காரின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எஞ்சின் அன்று, துருவே. தனிச் சட்டகமும் நிலையான கூரையும் இல்லாததால், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' பகுதிகளே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அங்கே நகர்த்திப் பாருங்கள். அது பிடிக்காமல் நழுவும் இடத்தில் தகட்டுக்குப் பதிலாக ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிப் பசைதான் (putty) இருக்கும். வண்டியை ஜாக்கியால் உயர்த்தும்போது கதவோர இடைவெளி குறுகிக் கதவு திறக்க மறுத்தால், சில் வலுவிழந்துவிட்டது என்று பொருள். இவற்றைப் படமெடுத்து விளம்பரத்திலேயே சேர்த்துவிடுங்கள். நேரில் வந்து தாமே கண்டுபிடிப்பவர் விலையை இன்னும் கடுமையாகக் குறைப்பார்.

1974-இல் ரப்பர் பம்பர் வருவதற்கு முந்தைய குரோம் பம்பர் வண்டிகளுக்கே பொதுவாக மதிப்பு அதிகம். ஆகவே கழற்றி வைத்த பம்பரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

வி5சி எனப்படும் பிரிட்டிஷ் வாகனப் பதிவுப் பத்திரத்தில் உள்ள சேசிஸ் எண் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பணம் கைக்கு வந்ததும், அந்தப் பத்திரத்தில் புதிய உரிமையாளருக்கென உள்ள பச்சைச் சீட்டை வாங்குபவரிடம் கொடுத்து, விற்பனையை அங்குள்ள வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு உடனே தெரிவியுங்கள். ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதலாம். ஆனால் விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தால் அந்தச் சொற்கள் உங்களைக் காப்பாற்றாது.