ஓரத்தில் எழுதியவர் யார்? பழைய பைபிள் குறிப்புகளைப் படிக்கும்போது செய்யும் தவறுகள்

16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அச்சான பைபிளையோ ஜெபப் புத்தகத்தையோ புரட்டினால், அச்செழுத்தைவிட ஓரத்தில் பழுப்பு மையில் இருக்கும் கிறுக்கல்தான் முதலில் கண்ணை இழுக்கும். யாரோ நம்மிடம் மனம்விட்டுப் பேசுவதுபோல் இருக்கும். சிக்கலே அந்த நினைப்பில்தான்.

லண்டனின் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் 1535-இல் அச்சான லத்தீன் பைபிள் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் முன்னுரையோடு வந்த பதிப்பு. வரலாற்றாசிரியர் இயால் போலெக் அதைப் பார்த்தபோது ஓரங்கள் வெறுமையாக இருந்தன. அப்புறம்தான் தெரிந்தது, 1600 வாக்கில் யாரோ தடித்த தாளை ஒட்டி ஓரங்களை மூடியிருக்கிறார்கள். பக்கத்துக்கு அடியில் ஒளித்தகடு வைத்துப் படமெடுத்தால் மறைந்த எழுத்தும் அச்செழுத்தும் குழம்பித் தெரிந்தன. ஒளித்தகடு இல்லாமல் எடுத்த படத்தை அதிலிருந்து கழித்ததும் கையெழுத்து மட்டும் மிஞ்சியது. கழிக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர், பல் மருத்துவத் துறையில் வேலை பார்த்த எக்ஸ்ரே நிபுணர்!

இவ்வளவு பாடுபட்டு வெளிவந்தது ரகசிய வாக்குமூலமா? இல்லை. ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் கிராம்வெல் முன்னின்று கொண்டுவந்த ‘கிரேட் பைபிள்’ என்ற ஆங்கிலப் பதிப்பைப் பார்த்து எழுதிய குறிப்புகள். அதனால் ஓரக்குறிப்பு எதைப் பார்த்தாலும், இது வேறு அச்சு நூலிலிருந்து எடுத்ததா என்று முதலில் தேடுங்கள். எழுதியவரின் சொந்தக் கருத்தா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். அச்சான ஆண்டையே குறிப்பின் ஆண்டாகக் கொள்வதும் தவறு. இந்தக் குறிப்புகள் 1539-க்கும் 1549-க்கும் இடையில் எழுதப்பட்டவை.

ஓரம் சுத்தமாக இருந்தால் யாரும் படிக்கவில்லை என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. தாள் ஒட்டுவது அபூர்வம்தான். ஆனால் மறுபடி பைண்டிங் செய்தவர்கள் ஓரத்தை வெட்டினார்கள்; பழம்புத்தகம் சேர்ப்பவர்களுக்காகப் பக்கங்களைக் கழுவி மையைப் போக்கியவர்களும் உண்டு. வரியின் முதல் எழுத்துகள் காணாமல்போய்ப் பாதிச் சொல்லில் குறிப்பு தொடங்கினால், எழுதியவரைத் திட்டாதீர்கள். அது வெட்டுக்கத்தியின் வேலை.

ஒரு பெயரைக் கோடிட்டு அடித்திருப்பதைப் பார்த்ததும் கோபம் என்று படிக்கிறோமே, அதிலும் நிதானம் வேண்டும். போப்பின் அதிகாரத்தை உதறிய ஹென்றி, அவர் பெயரை அழிக்கச் சொல்லி 1535-இலும், முன்பு ஒரு மன்னரை எதிர்த்துக் கொல்லப்பட்ட பேராயர் புனித தாமஸ் பெக்கெட்டின் பெயரை அழிக்கச் சொல்லி 1538-இலும் ஆணையிட்டார். சிலர் சுரண்டியே எடுத்தார்கள். சிலர் மெல்லிய கோடு ஒன்றை இழுத்ததோடு சரி. அடியில் உள்ள பெயரை இன்றும் படிக்கலாம். என் கண்ணுக்கு இரண்டாவது வகைதான் சுவாரசியமானது. ஆணைக்குக் கீழ்ப்படிந்ததுபோலும் ஆயிற்று, பெயரும் தப்பியது. ஆனால் அது பக்தியா, சோம்பலா என்பதை அந்தக் கோட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கடைசிப் பக்கங்களைத் தள்ளிவிடுவது இன்னொரு தவறு. பிறப்பு, இறப்பு, கடன், பேனாவைச் சோதித்த கிறுக்கல் எல்லாம் அங்கேதான் இருக்கும். பஞ்சாங்க ஓரத்தில் பால் கணக்கு எழுதிய வீட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. லாம்பெத் பைபிளின் பின்பக்கத்திலும் ஒரு கடன் கணக்கு இருந்தது. ஜேம்ஸ் எலிஸ் கட்பர்ஸ் என்பவர் 20 ஷில்லிங் தர வேண்டும், தவறினால் மார்ஷல்சீ சிறைக்குப் போக வேண்டும். பெயரிலேயே தொழில் இருக்கிறது: கட்பர்ஸ் என்றால் பணப்பையை அறுக்கும் திருடன். அவரை 1552 ஜூலையில் லண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் தூக்கிலிட்டார்கள். ஆகவே அந்தக் கணக்கு அதற்கு முன்னால் எழுதியது. அதற்குள் அந்தப் பைபிள் கடன் பேரம் நடக்கும் இடம்வரை வந்துவிட்டிருந்தது.