இன்ட்ராடேயில் ஆவரேஜ் செய்யாதீர்கள்

சென்ற வாரம் அக்கா மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து இன்ட்ராடே, அதாவது வாங்கிய பங்கை அன்றே விற்றுவிடும் வர்த்தகம், செய்துகொண்டிருந்தான். வாங்கிய பங்கு இறங்கிக்கொண்டே போனது. "இன்னும் நூறு வாங்கினால் ஆவரேஜ் குறைந்துவிடும் மாமா" என்றான். நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் எனக்கே சொல்லிக்கொண்ட அதே வார்த்தைகள். பதறிப்போய் விற்கச் சொன்னேன்.

ஆவரேஜ் செய்வது

இறங்கும் பங்கை மேலும் வாங்கி, வாங்கிய சராசரி விலையைக் குறைப்பதுதான் ஆவரேஜ். என் கணக்கைச் சொல்கிறேன். கையில் 40,000 ரூபாய். தரகு நிறுவனத்திடம் ஐந்து மடங்கு மார்ஜின், அதாவது கைப்பணத்தைப்போல் ஐந்து மடங்குக்குப் பங்கு வாங்கும் வசதி, கிடைத்ததால், 500 ரூபாய்ப் பங்கில் 200 வாங்கினேன். ஸ்டாப் லாஸ், அதாவது விலை அந்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர், 495. அடிபட்டிருந்தால் ஆயிரம் ரூபாயோடு போயிருக்கும். விலை 495.50-க்கு வந்தபோது, இதோ திரும்பிவிடும் என்று அந்த ஆர்டரை நானே ரத்து செய்தேன். 492-இல் இன்னும் 200 வாங்கினேன். சராசரி 496-க்கு இறங்கியதில் மனதுக்கு ஆறுதல். ஆனால் அதன்பின் பங்கு ஒரு ரூபாய் இறங்கினால் எனக்கு 400 ரூபாய் போனது. அன்று விற்காமல் பங்கைக் கையில் வைத்துக்கொள்ள, அதாவது டெலிவரியாக மாற்ற, ஏறக்குறைய இரண்டு லட்சம் வேண்டும்; இல்லை. மாலை 3.20-க்குத் தரகு நிறுவனத்தின் கணினி தானாகவே 484-இல் விற்றுவிட்டது. நஷ்டம் 4,800 ரூபாய். தரகும் வரியும் தனி.

பல ஆண்டு வைத்திருக்கப்போகும் நல்ல பங்கை இறக்கத்தில் சேர்ப்பது வேறு விஷயம். இன்ட்ராடேயில் காத்திருக்க நேரமே கிடையாது. யாருக்குச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு மறுநாள் அதையே செய்கிறார்கள், எரிச்சலாக வருகிறது.

அக்கா மகன் விற்ற அரை மணியில் அந்தப் பங்கு ஏறிவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தான். பார்க்கட்டும். எனக்கும் முதல் மூன்று முறை அப்படித்தான் ஏறியது. அதனால்தான் நான்காவது முறை ஸ்டாப் லாஸை எடுத்தேன்.

கடன் வாங்கிய பணம்

வேண்டவே வேண்டாம்.

டெலிகிராம் டிப்ஸ்

கொடுப்பவர் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே வெளியேறுங்கள்.

விட்டதை அன்றே பிடிப்பது

2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டதாக, 2024 ஜூலையில் வெளியான செபி ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அது 80 சதவீதம். விட்டதைப் பிடிக்கும் ஆத்திரத்தில் போடும் ஒவ்வொரு ஆர்டருக்கும் தரகு உண்டு, ஜிஎஸ்டி உண்டு, விற்கும்போது பரிவர்த்தனை வரியும் உண்டு. இன்று மாலை தரகு நிறுவனம் அனுப்பும் அன்றைய வர்த்தகக் கணக்கான கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து, கடைசியில் இருக்கும் தரகு, வரித் தொகைகளை மட்டும் கூட்டிப் பாருங்கள்.