நல மையத்துக்கு நகர நிதி: சி.டி.பி.ஜி. மானியம் கேட்கும் முறை

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் சமுதாய நல மையம், நகரத்திடம் பணம் கேட்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது சி.டி.பி.ஜி. (சமுதாய வளர்ச்சித் தொகுப்பு மானியம், Community Development Block Grant). 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டரசின் வீட்டுவசதி, நகர வளர்ச்சித் துறை (ஹட், HUD) தரும் பணம் இது. பொதுவாக 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு நேரே வந்து சேரும். யாருக்கு எவ்வளவு என்பதை நகரம் தீர்மானிக்கும்.

கேட்பது சேவைக்கா, கட்டடத்துக்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செவிலியர் சம்பளமும் மொழிபெயர்ப்பாளர் செலவும் பொதுச்சேவைக் கணக்கு. அதற்கு நகரம் தன் ஒதுக்கீட்டில் சுமார் 15% வரைதான் செலவிடலாம். முதியோர் உணவு, வீடற்றோர் உதவி எல்லாம் அதே பங்குக்குத்தான் போட்டியிடும். கூரை மாற்றுவது, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவது போன்ற கட்டட வேலைக்கு அந்த வரம்பு கிடையாது. இரண்டும் தேவை என்றால் கட்டட வேலையை இதில் கேட்டு, சம்பளத்துக்கு வேறு வழி தேடுவதே நல்லது.

அதிகம் சறுக்கும் இடம் வருமானச் சான்று. பயனாளிகளில் குறைந்தது 51% பேரின் வருமானம் அந்தப் பகுதியின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் அளவு) 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மையங்களோ கட்டணச் சலுகைக்குக் கூட்டரசு வறுமைக்கோட்டின் 200 சதவீதத்தை அளவாக வைத்திருக்கின்றன. இரண்டும் வேறு வேறு. சலுகைப் பட்டியலை அப்படியே நகரத்துக்கு அனுப்பினால் கேள்வி வரும். பதிவுப் படிவத்தில் மாத வருமானம் 3,000 டாலர் என்றிருந்து, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்த நோயாளியை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. தனி ஆளுக்கு 3,000 ஒரு கணக்கு, ஐந்து பேர் வீட்டுக்கு வேறு கணக்கு. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை வாங்க வேண்டாம் என்று வரவேற்பு மேசையில் இருப்பவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். வருமான வரம்புகளை ஹட் ஆண்டுதோறும் மாற்றும். பழைய அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கட்டட வேலையில் பெரிய ஆபத்து அவசரம். சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து அனுமதி வருமுன் ஒப்பந்தம் போட்டால் மானியமே கைவிட்டுப் போகலாம். சொந்தப் பணத்தில்தானே தொடங்குகிறோம் என்ற வாதம் செல்லாது. ஒப்பந்தத் தொகை 2,000 டாலரைத் தாண்டினால் பொதுவாக அரசு நிர்ணயித்த கூலியும் பொருந்தும். மதிப்பீட்டிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள்.

நகரம் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு பொது விசாரணைக் கூட்டங்கள் நடத்த வேண்டும். தேவைகளைக் கேட்டறியும் முதல் கூட்டத்திலேயே நோயாளிகளை அழைத்துப் போய்ப் பேச வையுங்கள். வரைவுத் திட்டம் 30 நாள் கருத்துக்கு வைக்கப்படும்போது தொகைகள் பெரும்பாலும் பங்கிடப்பட்டிருக்கும்.

பணம் பெரும்பாலும் செலவு செய்த பிறகே வரும். மூன்று மாதச் செலவையாவது கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஒரே ஊழியர் இரண்டு மானியங்களில் வேலை பார்த்தால், திட்டமிட்ட விகிதத்தை அப்படியே எழுதாமல், உண்மையில் உழைத்த நேரத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தணிக்கையில் முதலில் வெட்டுப்படுவது அந்தச் சம்பளம்தான்.