வாட்ச்சை கழட்டி வச்ச நாளும் டேட்டாதான்

போன வாரம் ஒரு ஸ்டூடன்ட் லேப்டாப்பை தூக்கிட்டு வந்து, "மேடம், டேட்டா க்ளீன் பண்ணி முடிச்சுட்டேன்"னு காட்டினாங்க. ஃபைல் பார்க்க அவ்வளவு நேர்த்தியா இருந்துச்சு, ஒரு கட்டம்கூட காலி இல்ல. பார்த்ததும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு, ஏன்னா நான் பி.எச்.டி பண்ணும்போது இதே மாதிரி ஒரு ஃபைலைத்தான் என் கைடுகிட்ட பெருமையா நீட்டினேன்.

ஸ்மார்ட் வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட் எல்லாம் வாங்கி தன்னைத்தானே அளந்துக்கறவங்க நிஜமாவே நல்லா இருக்காங்களாங்கறதுதான் மார்க்கெட்டிங்ல என் ஆராய்ச்சி. சாம்பிள் பத்தலை, கேள்வி சரியா கேக்கலைங்கற தப்பெல்லாம் எந்த மெத்தட்ஸ் புத்தகத்துலயும் இருக்கும், அதை விட்டுடறேன். இந்த மாதிரி ஆராய்ச்சியில மட்டும் வர்ற தப்புகளை ஒண்ணொண்ணா சொல்றேன்.

கழட்டி வச்ச நாளை அழிக்கறது

இன்னிக்கு வரைக்கும் எனக்கு எரிச்சல் அடங்காத தப்பு இது.

உடற்பயிற்சி ஆராய்ச்சி பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கு. தொடர்ச்சியா 60 நிமிஷம் அசைவு பூஜ்யமா இருந்தா கருவியை கட்டலைன்னு கணக்கு, ஒரு நாள்ல 10 மணி நேரமாவது கட்டியிருந்தாதான் அது செல்லுபடியாகற நாள், வாரத்துல அப்படி 4 நாளாவது தேறலைன்னா அந்த ஆளையே தூக்கிடுவாங்க. இடுப்புல மாட்டற அசைவுமானியை வச்சு, ஒருத்தர் ஒரு நாளைக்கு எவ்வளவு நடமாடறார்னு கண்டுபிடிக்க வந்த விதி அது. அவங்க கேள்விக்கு அது சரி. நம்ம கேள்வி வேற, அந்தக் கருவி மனுஷனை என்ன பண்ணுதுன்னு பார்க்க வந்திருக்கோம், அப்ப அதை கழட்டி வைக்கறதும் பதில்தானே?

நான் அந்த விதியை அப்படியே எடுத்து போட்டேன். தினமும் ராத்திரி எல்லாரும் மனநிலை பத்தி ஒரு குட்டி சர்வேயும் நிரப்பிட்டு இருந்தாங்க, ஸ்டெப்ஸ் இல்லாத நாளை அழிச்சப்ப அந்த வரியில இருந்த சர்வே பதிலும் சேர்ந்து போச்சு. மிச்சம் இருந்ததை வச்சு பார்த்தா ஸ்டெப்ஸும் ஏறுது மனநிலையும் ஏறுது, கோடு அழகா மேல போகுது. அதை எழுதி ஜர்னலுக்கும் அனுப்பிட்டேன்.

அப்புறம்தான் இன்டர்வியூ ஆரம்பிச்சேன். என் ஃபைல்ல அஞ்சாவது வாரத்தோட நின்னுபோன ஒரு பங்கேற்பாளர், நடுவயசு அம்மா, மெதுவா சொன்னாங்க: "ராத்திரி பத்தே முக்காலுக்கு ஹால்லயே சுத்தி சுத்தி நடந்து, வாட்ச்ல அன்னிக்கு இலக்கை காட்டற அந்த வட்டத்தை மூடுவேன் மேடம். ஒரு நாள் காய்ச்சல், முடியல. அத்தனை நாள் சேர்த்து வச்சது அறுந்துபோச்சு. மறுநாள் கையில எடுக்கவே மனசு வரல, ட்ராயர்ல போட்டுட்டேன். இப்பவும் அந்த ட்ராயரை திறந்தா ஒரு மாதிரி இருக்கு." பேசும்போது இடது கை மணிக்கட்டை வலது கையால பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. வாட்ச் கட்டலைன்னாலும் சர்வேயை அவங்க ஒரு நாள் விடாம நிரப்பியிருக்காங்க, நான்தான் அதை அழிச்சேன். மனசு கஷ்டமா இருக்கற நாள்லதான் நிறைய பேர் அதை கழட்டறாங்க, அந்த நாளையே எடுத்துட்டா மிஞ்சறது எல்லாம் நல்ல நாள், அப்புறம் கோடு மேல போகாம எங்க போகும்?

திரும்ப பண்ணலாம்னு பார்த்தா மூல ஃபைல் மேலயே சேவ் பண்ணியிருந்தேன், சர்வே கணக்கும் அதுக்குள்ள மூடியாச்சு. பேப்பரை திரும்ப வாங்கிட்டேன். ஒன்றரை வருஷ உழைப்பு.

அதனால மூல ஃபைலை தொடாதீங்க, காப்பி எடுத்து அதுல வேலை பாருங்க. எத்தனை மணி நேரம் கட்டினாங்கங்கறதை ஒரு தனி மாறியா (வேரியபிளா) வைங்க. மணிக்கட்டு வாட்ச்சுல பச்சை லைட் வச்சு நாடித்துடிப்பு எடுக்கறாங்க இல்லையா, ஸ்டெப்ஸ் பூஜ்யமா இருந்து துடிப்பு பதிவாகியிருந்தா ஆள் உக்காந்திருக்கார்னு அர்த்தம், துடிப்பும் இல்லன்னா பெரும்பாலும் கழட்டி வச்சிருக்கார், இந்த ரெண்டையும் ஒரே பூஜ்யமா எண்ணாதீங்க. முக்கியமா, ராத்திரி சர்வேல ஒரு வரி சேருங்க: "இன்னிக்கு கட்டலைன்னா ஏன்?" சார்ஜ் இல்ல, தோல் அரிக்குது, மறந்துட்டேன், பார்க்க பிடிக்கல. கடைசி பதில் எத்தனை தடவை வருது, யாருக்கு வருதுன்னு பாருங்க, உங்க தீசிஸே அங்க இருக்கலாம்.

அந்த ஸ்டூடன்ட்கிட்ட மூல ஃபைல் பத்திரமா இருக்கு, கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுதான் உக்கார வச்சு இதையெல்லாம் சொன்னேன்.

இப்ப கட்டியிருக்கறவங்களை மட்டும் கேக்கறது

மேல சொன்னதோட அண்ணன் இது. பயனர் குழுவுல போய் சர்வே லிங்க் போட்டா வர்றவங்க எல்லாம் பிடிச்சுப்போய் தொடர்றவங்க. வாங்கி மூணே மாசத்துல விட்டவங்களை தேடிப் பிடிக்கறது சிரமம்தான், ஆனா அவங்க இல்லாம "வாடிக்கையாளர் நலன்"னு தலைப்பு வைக்காதீங்க.

ஸ்டெப்ஸ் ஏறினா நலம் ஏறிடுச்சுன்னு எழுதறது

10,000 ஸ்டெப்ஸுங்கற இலக்கே மருத்துவ ஆராய்ச்சியில பிறந்தது இல்ல, 1965ல ஜப்பான்ல வித்த 'மான்போ-கெய்' நடைமானியோட பேர், அதுக்கு "பத்தாயிரம் அடி மானி"ன்னு அர்த்தம். நம்ம துறை ஆளுங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இது, ஒரு விற்பனைப் பேர் உலகத்துக்கே அளவுகோல் ஆயிருக்கு.

மார்க்கெட்டிங் ஆராய்ச்சியாளர் ஜோர்டன் எட்கின் 2016ல ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்ல போட்ட பரிசோதனைகளை படிங்க. அளந்தா ஜனங்க அதிகம் செய்யறாங்க, ஆனா செய்யறதுல இருக்கற சந்தோஷம் குறையுது, பிடிச்ச நடை வேலை மாதிரி ஆயிடுது. அதே 2016ல ஜாமாங்கற மருத்துவ ஜர்னல்ல வந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக சோதனையில, எடை குறைக்க வந்த 471 இளம் வயசுக்காரங்களை 24 மாசம் தொடர்ந்து பார்த்தாங்க. கருவி கட்டினவங்க சராசரியா 3.5 கிலோ குறைச்சாங்க, கட்டாதவங்க 5.9 கிலோ. கருவி கெட்டதுன்னு இதை வச்சு சொல்லிட முடியாது. ஆனா செயல், உடம்பு, மனசு மூணும் ஒண்ணா நகரும்னு முன்கூட்டியே முடிவு பண்ணிடாம தனித்தனியா அளங்க.

வாட்ச் காட்டற கலோரி

முக்கிய மாறியா வைக்காதீங்க. 2017ல ஸ்டான்ஃபோர்ட்ல 7 கருவியை சோதிச்சப்ப இருக்கறதுலயே துல்லியமானதே சராசரியா 27 சதவீதம் பிசகுச்சு.

நடுவுல வர்ற சாஃப்ட்வேர் அப்டேட்

தேதியை குறிச்சு வைங்க, கணக்கு போடற முறையே மாறியிருக்கலாம்.

தூக்க ஸ்கோரை பார்த்த பிறகு தூக்கத்தை பத்தி கேக்கறது

காலையில எழுந்ததும் ஆப் 62னு காட்டுது, பத்து நிமிஷம் கழிச்சு நம்ம சர்வே போய் "எப்படி தூங்கினீங்க"ன்னு கேக்குது. வர்ற பதில் பாதி அவங்களோடது, பாதி அந்த 62வோடது. ட்ராக்கர் நம்பரை துரத்தியே தூக்கம் கெட்டவங்களுக்கு 2017ல டாக்டர்கள் 'ஆர்தோசோம்னியா'ன்னு பேரே வச்சுட்டாங்க. நான் இப்பல்லாம் பங்கேற்பாளர்கள்கிட்ட காலை ஸ்கோர் நோட்டிஃபிகேஷனை அணைச்சு வைக்கச் சொல்லிடறேன், முதல்ல என் கேள்விக்கு பதில், அப்புறம் ஆப்பை திறக்கலாம், எப்ப திறந்தாங்கன்னும் எழுதச் சொல்றேன். சில பேர் பொறுக்க முடியாம முன்னாடியே பார்த்துடறாங்க, பார்த்துட்டேன்னு எழுதியும் வைக்கறாங்க, அந்த வரிகளையும் நான் அழிக்கறது இல்ல.