புது வண்டிக்காரர்கள் துருவிடம் ஏமாறும் இடங்கள்

முதல் பைக் வாங்கியவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். டேங்கின் மேல்புறம் பளபளவென்று மின்னும். குனிந்து பின் மட்கார்டின் உள்பக்கம் விரலை விட்டால் பழைய சேறு கட்டி கட்டியாகப் பெயரும். ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே வேலைகளைத்தான் இப்போது வண்டி வாங்குகிறவர்களும் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மழையில் நிறுத்தாதே, நனைந்தால் துடை என்பதெல்லாம் இங்கே வராது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறைந்த விலை வண்டியில் கம்பெனி எங்கே கையைச் சுருக்கியிருக்கும் என்பதை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் மெல்லிசு, குரோம் மெல்லிசு. போல்ட்டுகள் துத்தநாகப் பூச்சு கொடுத்த சாதா இரும்பு. சைலன்சரும் பெரும்பாலும் சாதா இரும்புதான். விலை கூடின வண்டி தாங்கிக்கொள்ளும் அலட்சியத்தை இது தாங்காது.

ரிசர்வில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது

இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள், "சும்மா நிற்கிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல்" என்று டேங்கை ஏறக்குறையக் காலியாக விட்டுவிட்டுப் போகிறார்கள். ஏதோ மிச்சம் பிடித்துவிட்டதாக நினைப்பு.

டேங்கின் வெளிப்புறத்துக்குத்தான் பெயிண்ட். உள்ளே பல வண்டிகளில் வெறும் இரும்புத் தகடு. பெட்ரோல் மூடியிருக்கும் பகுதியில் காற்று படாது, துருவும் சீக்கிரம் ஏறாது. காலியாக இருக்கும் மீதி இடம் முழுக்கக் காற்றுதான். பகல் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மூடியின் காற்றுத் துளை வழியே வெளியே போகும். இரவு குளிர்ந்ததும் வெளியிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். அந்த ஈரம் குளிர்ந்த தகட்டில் வியர்த்துச் சொட்டும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் ஒவ்வொரு சொட்டும் நேரே அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். டேங்கின் இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டிங் வைத்த கீழ் ஓரம் இருக்கிறதே, தண்ணீர் தேங்குவது அங்கேதான். முதலில் அரிப்பதும் அதைத்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு சிக்கல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலுமாகச் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். டேங்கில் பெட்ரோல் எவ்வளவு குறைவோ, அந்த அளவை எட்டுவது அவ்வளவு சீக்கிரம்.

தெரிந்த தம்பி ஒருவன் இப்படித்தான் வண்டியை நிறுத்திவிட்டுப் போய், மாதங்கள் கழித்து வந்து எடுத்தான். கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் இருமி இருமி நின்றது. மெக்கானிக், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தார். சில நாள் நன்றாக ஓடி மறுபடி நின்றது. மறுபடி கழுவினார்கள். கடைசியில் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள், இவனும் மாற்றினான். புது கார்புரேட்டரும் அடைத்தது. இத்தனைக்கும் நடுவில் ஒருவர்கூட பெட்ரோல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கவில்லை!

என்னிடம் வந்தபோது பெட்ரோல் டேப்பைக் கழற்றினேன். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வலையைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி அப்பியிருந்தது. டேங்கிலிருந்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசைக்காமல் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு தனி அடுக்கு தெளிந்தது. அதற்கும் கீழே பழுப்பு நிறத் தூள். டேங்க் தூளை அனுப்பிக்கொண்டே இருந்தால் கார்புரேட்டரின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சின்னத் துளையை, கழுவி என்ன பயன்? இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்திருந்தால் செலவு இன்னும் ஏறியிருக்கும். அந்த வகையில் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலைத் தள்ளும் பம்ப்பே அந்தத் துருவுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, துரு வந்துவிட்டது, என்ன செய்வது? டேங்கை இறக்கி, டேப், பெட்ரோல் அளவு காட்டும் மிதவை, பம்ப் எல்லாவற்றையும் கழற்றி, துளைகளை அடைத்து, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். துரு விட்டதும் கொட்டிவிட்டு, சோடா உப்புத் தண்ணீரால் ஒருமுறை, நல்ல தண்ணீரால் ஒருமுறை அலச வேண்டும். இதற்கப்புறம்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சுத்தமான ஈர இரும்பு காற்றில் நின்றால் கண் முன்னாலேயே மறுபடி ஆரஞ்சு நிறம் ஏறும். அலசிய கையோடு காற்றடித்து உலர்த்தி, கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டிவிடுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, துருவின் மேலேயே டேங்க் சீலரை (உள்சுவரில் படலமாகப் பிடிக்கும் பூச்சு) ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிறகு தோல் தோலாக உரிந்து பெட்ரோல் வழியை அடைக்கும்போது, துருத் தூளே தேவலை என்று ஆகிவிடும்.

அடியில் ஊசித்துளை விழுந்துவிட்டால் சாதாரண வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். பெட்ரோலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவிய டேங்கிலும் மடிப்புகளில் ஆவி தங்கியிருக்கும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். டேங்க் வேலையே செய்கிறவர்களிடம் கொடுங்கள், இல்லையென்றால் வேறு டேங்க் தேடுங்கள்.

இவ்வளவு அவதியையும் தவிர்க்க, கிளம்புவதற்கு முன்னால் டேங்கை நிரப்பிவிட்டுப் போனால் போதும். பெட்ரோல் விரிய இடம் வேண்டும், அதனால் விளிம்பு வரை வேண்டாம். பல மாதம் நிற்கப்போகிறது என்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஃபியூயல் ஸ்டெபிலைசர் கலந்துவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அப்படியே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். மழைத்தண்ணீர் அதன் வழியாக ஒரு குழாயில் இறங்கிக் கீழே போய்விடும். அதில் மண் அடைத்தால் தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கும். ரப்பர் பழசாகியிருந்தால் நேரே டேங்குக்குள்தான் இறங்கும்.

ஈரத்தோடு கவர் போடுவது

கழுவிய சூட்டோடு பிளாஸ்டிக் கவரை இழுத்துப் போர்த்திக் கயிறும் கட்டிவிடுவார்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் நாளெல்லாம் போல்ட் தலைகளிலும் ஸ்போக் முனைகளிலும் உட்கார்ந்திருக்கும். கவரே இல்லாத வண்டியாவது காற்றில் காய்ந்திருக்கும். கழுவினால் கொஞ்ச தூரம் ஓட்டி, ஆறவிட்டு, அப்புறம் காற்று போகும் துணிக் கவராகப் போடுங்கள். கடற்காற்றுப் பக்கம் இருந்தால் முதலில் சாதாத் தண்ணீரால் உப்பை அலசிவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், ஒட்டியிருக்கும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். மழை பெய்யவே தேவையில்லை.

டிஸ்க்கில் எண்ணெய்

வேண்டவே வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் தெரியும் பழுப்புத் துருப் படலம் முதல் சில பிரேக்கில் தானே போய்விடும்.

தினமும் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்வது

ஓட்டாத வண்டிக்கு உபகாரம் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சைலன்சருக்குள் போகிறது. சைலன்சர் நன்றாகச் சூடானால் அது வெளியேறும். இரண்டு நிமிடத்தில் அணைத்தால் அத்தனையும் குளிர்ந்து உள்ளேயே தேங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் சைலன்சரின் வயிற்றில் ஓட்டை விழும்போதுதான் தெரியும். ஓட்டுவதாக இருந்தால் முழுச்சூடு ஏறும்வரை ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

சில சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய கம்பெனியே ஒரு சின்ன ஓட்டை வைத்திருக்கும். "புகை கசிகிறது" என்று அதைப் பசை வைத்து அடைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

துருவின் மேலேயே பெயிண்ட்

பெயிண்ட் வீண். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள், பிரைமர் அடியுங்கள், அப்புறம் பெயிண்ட்.

முன் ஃபோர்க்கில் எமரி பேப்பர்

குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு தெரிந்ததும் எமரி பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். துரு போகும், கூடவே குரோமும் போகும். எமரி விட்ட கீறல்கள் மேலும் கீழும் போய்வரும்போது, ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். ஆயில் கசிந்து பிரேக் வரைக்கும் இறங்கும். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மெத்தென்றது, கீறாது. துடைத்துவிட்டு மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று கொடுங்கள்.

செயினுக்கு டபிள்யூ டி 40 மட்டும்

இந்த ஸ்ப்ரே ஈரத்தை விரட்ட நல்லது. ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லிசு, மழைக்கு நிற்காது. மேலே செயினுக்கென்றே உள்ள மசகு (செயின் லூப்) போட்டே ஆகவேண்டும்.

பேட்டரிக் குழாயைக் கவனிக்காதது

தண்ணீர் ஊற்றும் பழைய வகை பேட்டரி என்றால் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய் தொங்கும். சர்வீஸின்போது கழன்றால் யாரும் திருப்பி மாட்டுவதில்லை. அதன் வழியே வருவது ஆசிட். ஃபிரேமில் ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் உப்பி, ஒரே கோடாகத் துரு இறங்கியிருந்தால் சீட்டைத் திறந்து அந்தக் குழாயைத் தேடுங்கள். பட்ட இடத்தைச் சோடா உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, குழாயின் முனை செயினுக்கும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் கீழே போய் நிற்கும்படி மாட்டுங்கள்.