இணையத்தில் விற்கப்படும் எடைக்குறைப்பு ஊசி: பணம் அனுப்புவதற்கு முன் எடைபோட வேண்டியவை

ஒரு மருந்தின் ஆபத்து வேறு. அந்த மருந்து நம் கைக்கு வந்து சேர்ந்த வழியின் ஆபத்து வேறு. செமாகுளூடைட், டிர்செபடைட் ஆகிய, வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசிகள் பல ஆயிரம் பேரிடம் சோதிக்கப்பட்டவை. எந்த அளவில் என்ன பக்கவிளைவு வரக்கூடும், யாருக்கு அவற்றைக் கொடுக்கக் கூடாது என்பவை மருத்துவர்களுக்கு ஓரளவு தெளிவாகத் தெரியும். ஆகவே அந்த மருந்துகளின் ஆபத்தை உங்கள் உடல்நிலையோடு ஒப்பிட்டு எடைபோட ஒரு மருத்துவரால் முடியும். ஆனால் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ பணம் வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்பப்படும் பெயர் தெரியாத குப்பியின் ஆபத்தை, அதில் என்ன இருக்கிறது என்பதே தெரியாதபோது, எந்த மருத்துவராலும் எடைபோட முடியாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இணையத்தின் வழியே மருந்து வாங்குவது எல்லாமே ஒரே வகை அல்ல. உரிமம் பெற்ற மருந்துக்கடை ஒன்று உங்கள் மருத்துவச் சீட்டைப் பார்த்து, தொகுதி எண் (பேட்ச் நம்பர்) அச்சிட்ட ரசீதோடு மருந்தை வீட்டுக்கு அனுப்புவது ஒரு வகை. சீட்டே கேட்காமல், ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று ஒட்டிய வெள்ளைத் தூள் குப்பியை, தனிநபர் ஒருவரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் பெற்றுக்கொண்டு அனுப்புவது இன்னொரு வகை. இங்கே பேசப்படுவது இரண்டாவது வகையைப் பற்றியும், இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு முதல் வகையைப் போலத் தோற்றம் காட்டுபவர்களைப் பற்றியும்தான்.

விலைதான் காரணம் என்றால்

இந்த வழியை நாடுபவர்களில் பெரும்பாலோர் விலைக்கு அஞ்சியே நாடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மௌஞ்சாரோ என்ற பெயரில் விற்கப்படும் டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானபோது 2.5 மி.கி. குப்பி ஒன்றின் விலை 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பியின் விலை 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500 ரூபாய் வரை ஆகும். செமாகுளூடைட்டின் வணிகப் பெயர்களான வெகோவி 2025 ஜூனிலும், ஓசெம்பிக் அதே ஆண்டு டிசம்பரிலும் இங்கே வந்தன. ஆனால் செமாகுளூடைட்டின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சு வரைதான் என்பதால், அதன்பின் இந்திய நிறுவனங்களும் அதைத் தயாரித்து விற்க வழி திறக்கிறது. எனவே ஓராண்டுக்கு முன் கேள்விப்பட்ட விலையை வைத்துக்கொண்டு முடிவெடுக்காமல், அருகிலுள்ள மருந்துக்கடையில் இன்றைய விலையைப் புதிதாகக் கேட்டுவிட்டுப் பிறகு இணைய விற்பனையாளரின் விலையோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

ஒப்பிடும்போது எத்தனை மாதத்துக்கு என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடைக்குறைப்புக்கான செமாகுளூடைட் வாரத்துக்கு 0.25 மி.கி. அளவில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7 என்று ஏறி, 17ஆவது வாரத்தில்தான் 2.4 மி.கி. என்ற முழு அளவைத் தொடுகிறது. இந்த அளவை வைத்து நடத்தப்பட்ட முக்கியமான ஆய்வில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைய 68 வாரங்கள் ஆயின. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஆடியில் தொடங்கி ஆவணி முகூர்த்தத்துக்குள் பத்துக் கிலோ குறைக்கலாம் என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அவர் மருந்தின் இயல்பை அறியாதவர் அல்லது தொடக்கத்திலேயே அளவுக்கு மீறிச் செலுத்தச் சொல்லப்போகிறவர்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்துவிடுகிறோம். ஊசி மருந்துக்கு அப்படிப் பார்க்கச் செவுள் கிடையாது. நிறமற்ற நீர்மம் நிறமற்ற நீர்மமாகவே தெரியும். ஆஸ்திரியாவில் 2023 அக்டோபரில் போலி ஓசெம்பிக் செலுத்திக்கொண்ட சிலர் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, வலிப்பு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பேனா வடிவ ஊசிக்குள் செமாகுளூடைட்டுக்குப் பதிலாக இன்சுலின் இருந்திருக்க வேண்டும் என்பதே அந்நாட்டு அதிகாரிகளின் ஐயம். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம், பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி ஓசெம்பிக் தொகுதிகள் கண்டறியப்பட்டதை முன்னிட்டு உலகளாவிய எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. கட்டுப்பாடு இறுக்கமாக உள்ள நாடுகளின் முறையான விநியோகச் சங்கிலிக்குள்ளேயே போலி நுழைந்திருக்கிறது என்றால், சங்கிலியே இல்லாத இடத்தில் என்ன நிலைமை என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தூள் குப்பி விற்பவர்கள் ‘99 விழுக்காடு தூய்மை’ என்று ஓர் ஆய்வகச் சான்றிதழைக் காட்டுவதுண்டு. அந்தச் சான்றிதழ் உண்மையானதாகவே இருந்தாலும், அது சொல்வது வேதிப்பொருளின் தூய்மையை மட்டும்தான். கிருமி இல்லை என்பதையோ, கிருமிகளின் நச்சு எச்சம் இல்லை என்பதையோ அது சொல்வதில்லை. அந்தச் சான்றிதழுக்குரிய தொகுதிதான் உங்கள் குப்பியில் உள்ளது என்பதற்கும் ஆதாரம் இல்லை. ரெட்டாட்ரூடைட் என்ற பெயரில் விற்கப்படுவதைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஆய்வில் இருக்கும்போதே கள்ளச் சந்தைக்கு வந்துவிட்ட மருந்து அது. ஆய்வுக்கு வெளியே அதை எவர் விற்றாலும் ஒதுக்கிவிடலாம்.

அளவுக் குழப்பம்

போலி மருந்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையான மருந்தே தவறான அளவில் ஏறுவதைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. அமெரிக்காவில் குப்பியிலிருந்து தாமே உறிஞ்சிச் செலுத்திக்கொண்டவர்களில் சிலர், செலுத்த வேண்டியதைவிட 5 முதல் 20 மடங்கு வரை ஏற்றிக்கொண்டதாக அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024இல் எச்சரித்தது. மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டதே காரணம்.

நம் ஊரில் இதோடு இன்னொரு கண்ணியும் உண்டு. இங்குள்ள மருந்துக்கடைகளில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சுகள் கிடைக்கின்றன. சிவப்பு மூடி போட்டது யு-40. அதில் 40 யூனிட் ஒரு மி.லி. ஆரஞ்சு மூடி போட்டது யு-100. அதில் 100 யூனிட் ஒரு மி.லி. வெளிநாட்டுக் காணொளிகளும் அவற்றைப் பார்த்து எழுதப்பட்ட குறிப்புகளும் யு-100 சிரிஞ்சை மனத்தில் வைத்தே பேசுகின்றன. ‘20 யூனிட் இழுங்கள்’ என்று அதில் சொன்னால் அது 0.2 மி.லி.; வீட்டில் தாத்தாவின் இன்சுலினுக்காக வாங்கி வைத்த சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அதே 20 யூனிட் இழுத்தால் 0.5 மி.லி. ஏறிவிடும், அதாவது இரண்டரை மடங்கு. தூளில் எவ்வளவு நீர் கலந்தார்கள் என்பதில் பிழை நேர்ந்திருந்தால் அந்த மடங்கு இன்னும் பெருகும். செமாகுளூடைட்டின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், ஏறிய மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. வாந்தியும் குமட்டலும் பல நாட்கள் நீடிக்கும். ஆகவே விற்பனையாளர் அளவை ‘யூனிட்’ கணக்கில் மட்டும் சொல்லி, மில்லிகிராமில் சொல்ல மறுத்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை விட்டு விலகுவது முறை.

வந்த வழியும் வெப்பமும்

இம்மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறையவும் விடக் கூடாது. ஓசெம்பிக் பேனாவைப் பயன்படுத்தத் தொடங்கியபின் 30 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் பெட்டிக் குறிப்பில் உள்ளபடி சில வாரங்கள் வரையிலும், மௌஞ்சாரோவைக் குளிர்பெட்டிக்கு வெளியே 30 டிகிரிக்கு மிகாமல் 21 நாட்கள் வரையிலும் வைக்க அனுமதி உண்டு. அக்னி நட்சத்திரத்தில் இங்கு நிழலிலேயே அந்த எல்லை தாண்டிவிடும் என்பதையும், கூரியர் பொட்டலம் லாரியிலும் கிடங்கிலும் இரண்டு மூன்று நாள் கிடக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பொட்டலம் வந்தபோது உள்ளே இருந்த குளிர்பை வெறும் தண்ணீராக இருந்தால், மருந்து எத்தனை மணிநேரம் வெப்பத்தில் இருந்தது என்பதை அறிய வழியே இல்லை. மாறாகக் குப்பி நேரடியாகப் பனிக்கட்டியை ஒட்டியிருந்தால் அது உறைந்து உருகியிருக்கலாம். இரண்டிலும் மருந்தின் தோற்றம் மாறாமலே இருக்கக்கூடும்.

இது முறையாக வாங்கியவர்களுக்கும் பொருந்தும். தானே புயலின்போதும் ஃபெஞ்சல் புயலின்போதும் மின்சாரம் இல்லாமல் கிடந்த பகுதி நம் கடலூர்–புதுச்சேரி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு மாத மருந்தை மொத்தமாக வாங்கி வைப்பதைத் தவிர்க்கலாம்.

புதுச்சேரியில் பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் பேனாவும் ஒரு வழி. அது பெரும்பாலும் உண்மையான மருந்தாகவே இருக்கும். ஆனால் அவருக்காக எழுதிய அளவு உங்களுக்குரியது அல்ல, விமானப் பயணத்தில் குளிர் காக்கப்பட்டதா என்பதையும் அவரிடம் கேட்டறிய வேண்டும். அதை மருத்துவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

மருந்துக்கடை உரிமம் கடையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே உரிம எண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. கடையின் முகவரி, உரிம எண், தொகுதி எண் குறித்த ரசீது ஆகிய மூன்றையும் பணம் அனுப்புவதற்கு முன் கேளுங்கள். நேர்மையானவர் மருத்துவச் சீட்டைத் தாமே கேட்பார்; ‘சீட்டெல்லாம் வேண்டாம் சார், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்ற பதில் வந்தால் அதைச் சலுகையாக அல்ல, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். கடலூரில் உள்ள கடைக்கு உரிமம் தருவது தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. புதுச்சேரிக் கடைக்குத் தருவது அங்குள்ள தனித் துறை. இடையில் இருபது கிலோமீட்டர் தூரம்தான் என்றாலும் புகார் போகும் இடம் வேறு.

மருந்து கைக்கு வந்தபின், பெட்டியில் ரூபாயில் அதிகபட்ச சில்லறை விலை, தொகுதி எண், காலாவதி நாள், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரியும் உரிம எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். பெட்டியிலும் பேனாவிலும் தொகுதி எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். ரூபாய் விலை இல்லாத பெட்டி இந்தியச் சந்தைக்காக வந்ததல்ல. எல்லாம் சரியாக இருந்தாலும் போலி இல்லை என்று சொல்லிவிட முடியாது, அச்சகம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒன்று தவறினாலும் செலுத்தக் கூடாது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

பொதுவாக உடல் நிறைக் குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 30க்கு மேல் இருப்பவர்களுக்கும், நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றோடு 27க்கு மேல் இருப்பவர்களுக்கும் இம்மருந்து எழுதப்படுகிறது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது முறையே சுமார் 77 கிலோவும் 69 கிலோவும் ஆகும். குடும்பத்தில் எவருக்கேனும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இம்மருந்து கூடாது. முன்பு கணையஅழற்சி வந்திருந்தாலும், பித்தப்பைக் கல் இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழும் ஆபத்து கூடுதல். கருத்தரிக்கத் திட்டமிடுபவர் செமாகுளூடைட்டை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றையேனும் உங்களிடம் கேட்காதவர், உங்களுக்கு ஊசி விற்கத் தகுதியற்றவர்.

ஏற்கெனவே செலுத்திக்கொண்டிருந்தால்

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை தோன்றினால், நினைவோடு இருக்கும்போதே சர்க்கரை கலந்த நீரைக் குடித்து, 108ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஊசியில் இன்சுலின் இருந்திருந்தால் ஒரு முறை சர்க்கரை ஏறியபின் மறுபடியும் தாழக்கூடும் என்பதால், தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி, நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், ஊசி போட்ட இடம் வீங்கிச் சிவந்து காய்ச்சல் வருதல் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையானாலும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையானாலும், எங்கே வாங்கினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, குப்பி, பெட்டி, சிரிஞ்சு ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குப்பியைப் பார்த்தால்தான் மருத்துவர் எதை எதிர்பார்ப்பது என்று முடிவு செய்ய முடியும்.

பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம். பணம் பறிபோனதற்கு இணையக் குற்ற உதவி எண் 1930. மீதமுள்ள குப்பிகளை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கவோ குப்பையில் எறியவோ வேண்டாம். உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் விற்பனையாளருடன் நடந்த உரையாடல், பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றோடு ஒப்படைக்கலாம். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆவது பிரிவு, வாங்கிய மருந்தை உரிய கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமையைப் பொதுமக்கள் எவருக்கும் தருகிறது. அதற்காகத் திறக்காத குப்பி ஒன்றைக் குளிர்பெட்டியில் தனியே, ‘பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.